ஒரு டேங்க் பெட்ரோல் தூரம்

மாண்ட்ரியலில் இருக்கிற தமிழர்களிடம் "இந்தக் கோடை லீவுக்கு எங்கே போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும். ஒன்று, ஊருக்கு. அது சென்னையாக இருக்கலாம், யாழ்ப்பாணமாக இருக்கலாம். இரண்டு, டொராண்டோவுக்கு. அங்கே ஒரு கல்யாணமோ சாமத்திய வீடோ எப்படியும் இருக்கும். மூன்றாவது பதில், "எங்கேயும் இல்ல, வீட்டிலதான்."

ஊர் ஏறக்குறைய 13 ஆயிரம் கி.மீ.க்கு அப்பால். டொராண்டோ 540 கி.மீ. இந்த இரண்டுக்கும் வழி நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் வீட்டு வாசலிலிருந்து முதல் 150 கி.மீ.க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பல பேருக்குக் காஸ்ட்கோ, ஏர்போர்ட், ஆப்பிள் பறிக்கப் போன ஒரு தோட்டம், அதோடு சரி. பதினைந்து வருடம் இங்கே இருந்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த 150 கி.மீ.யைக் காட்டியது ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்திலேயே சுற்றுவதில் இருக்கிற சுகம் என்ன, அது எங்கே வந்து முட்டி நிற்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பைக் பிடிக்காதவர்களும் படிக்கலாம். விஷயம் பைக்கோடு முடிகிறதில்லை.

வேலிக்குள் ஒரு பேட்டை

நான் குடியிருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில். மாண்ட்ரியலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: சுமார் 1.6 சதுர கி.மீ. இடத்தில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் நெருக்கியடித்து வாழும் பேட்டை இது. ஒரு காலத்தில் கிரேக்கர்களின் இடம். இப்போது பஞ்சாபிகள், வங்காளிகள், பாகிஸ்தானிகள், அப்புறம் நாம். ஜான் டலோன் தெருவில் துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. இடியப்பமும் சம்பலும், கொத்து ரொட்டியும், சமோசாவும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும்.

இந்தப் பேட்டையின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். கிழக்கிலும் தெற்கிலும் ரயில் பாதை. வடக்கில் தூண்கள் மேல் ஓடும் 40ஆம் எண் நெடுஞ்சாலை. மேற்கில் அக்காடி சாலை, அதை ஒட்டி ஒரு கம்பி வேலி. அந்த வேலியை 1960இல் பக்கத்துப் பணக்கார ஊரான டவுன் ஆஃப் மவுண்ட் ராயல் போட்டது. நாலு பக்கமும் அடைப்பு.

அடைப்புக்குள் வாழ்க்கை சௌகரியம்தான். பிரெஞ்சு தெரியாமல் மளிகை வாங்கலாம், முடி வெட்டிக்கொள்ளலாம், டாக்டரைப் பார்க்கலாம். என்னைப் போன்ற ஐ.டி. ஆட்களுக்கு இன்னும் வசதி. ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ், வீடு முழுக்கத் தமிழ். கோவையில் பொறியியல் படித்துவிட்டு, ஒர்க் பெர்மிட்டில் இங்கே வந்து, முதல் மூன்று வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். கியூபெக் என்று ஒரு நாடு மாதிரியான இடத்தில் இருக்கிறோம் என்பதே வரிக் கணக்கு இரண்டு தடவை போடும்போதுதான் ஞாபகம் வரும்.

நாலாவது வருடம் பழைய இன்டர்செப்டர் 650 ஒன்று கைக்கு வந்தது. ஒரகடம் பக்கம் தயாராகி, கடல் கடந்து, யாரோ ஒருவரிடம் இரண்டு கோடை ஓடி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்த ராயல் என்ஃபீல்டு.

டேங்க் கணக்கு

இந்த வண்டியின் டேங்க் 13.7 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 24, 25 கி.மீ. தருகிறது. அதாவது ஒரு டேங்குக்கு 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். போக 150, வர 150 என்று வைத்துக்கொண்டால், காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் காபிக்கு வீடு திரும்பிவிடலாம். ஓட்டல் செலவு இல்லை, லீவு போட வேண்டியதில்லை, பெட்டி கட்ட வேண்டியதில்லை.

150 கி.மீ. என்றால் சின்ன வட்டம் என்று நினைக்காதீர்கள். பொறியியல் படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காகம் பறக்கிற கணக்கில் அந்த வட்டத்தின் பரப்பு 70 ஆயிரம் சதுர கி.மீ.யைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1 லட்சத்து 30 ஆயிரம்தான். பாதித் தமிழ்நாட்டுக்கு மேல் பெரிய ஒரு பூமியை வாசலில் வைத்துக்கொண்டு, "மாண்ட்ரியல்ல பார்க்க என்னங்க இருக்கு" என்று கேட்கிறோம்.

காரிலும் போகலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் காரில் ஏறியதும் கை தானாக மேப்பைத் தட்டுகிறது, மேப் தானாக நெடுஞ்சாலைக்குத் தள்ளிவிடுகிறது. பைக்கில் நெடுஞ்சாலை ஒரு தண்டனை. காற்று அறையும், லாரி இழுக்கும். அதனால் பழைய சாலைகளைத் தேடிப் போவீர்கள். பழைய சாலைதான் ஊருக்குள்ளே நுழைந்து போகிறது. வைக்கோல் வாசனை, மாட்டுச் சாண வாசனை, மழைக்கு முந்தின ஈரக்காற்று எல்லாம் ஹெல்மெட்டுக்குள் வரும். கனடாவில் சாண வாசனைக்கு ஏங்குவேன் என்று பல்லடத்தில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. இங்கே எதிரே வரும் பைக்காரர் ஒவ்வொருவரும் இடது கையைக் கீழே நீட்டிச் சின்னதாக வணக்கம் வைப்பார். நாமும் வைக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் எந்த ஊர்க்காரன், என்ன நிறம், எந்த பாஷை என்று அவருக்குத் தெரியாது. முதல் நாள் முப்பது பேராவது எனக்குக் கை காட்டியிருப்பார்கள். அந்த மூன்று வருடத்தில் கியூபெக்காரர் முப்பது பேர் தாங்களாக எனக்கு வணக்கம் சொன்னதாக ஞாபகமே இல்லை.

வடக்கே, முருகனைப் பார்க்க

முதல்முதலாகப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது வடக்குச் சாலை. எண் 117. செயின்ட் ஜெரோம், பிரெவோ, செயின்ட் அடேல் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு லாரன்சியன் மலைக்குள் ஏறும். அதற்குப் பக்கத்திலேயே 15ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுவதால் அவசரக்காரர்கள் எல்லாம் அங்கே போய்விடுகிறார்கள். 117 நமக்கு.

இந்த வழிக்கும் நம் பேட்டைக்கும் ஒரு பழைய உறவு. பார்க் மெட்ரோ நிலையத்தின் மேலே இருக்கிற அழகான பழைய கட்டடம் 1931இல் கட்டிய ரயில் நிலையம். மாண்ட்ரியல்காரர்கள் பனிச்சறுக்குக்கு லாரன்சியன் போக ரயில் ஏறிய இடங்களில் அதுவும் ஒன்று. செயின்ட் ஜெரோமுக்கு மேலே அந்தத் தண்டவாளம் இப்போது இல்லை. 200 கி.மீ.க்கும் நீளமான சைக்கிள் பாதையாக மாறிவிட்டது. அதன் பெயர் 'வடக்கே போகும் குட்டி ரயில்' என்றே இருக்கிறது.

சுமார் 80 கி.மீ. போனால் வால் மொரான். மலையும் ஏரியுமாக இருக்கிற சின்ன ஊர். அங்கே ஒரு குன்றின் மேல் முருகனும் ஐயப்பனும் இருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் சுவாமி விஷ்ணுதேவானந்தா ஏற்படுத்திய சிவானந்த ஆசிரமத்தின் இடம் அது. அவருடைய குரு சிவானந்தர் பிறந்தது நம் பத்தமடையில், பாய்க்குப் பேர் போன அதே பத்தமடை. கோடையில் மாண்ட்ரியல் தமிழர்கள் பஸ் பஸ்ஸாக வந்து காவடி எடுப்பார்கள். பைன் மரத்துக்கு நடுவே மயில் தோகையும் நாதஸ்வரமும் மலை ஏறுவதைப் பார்க்கிற உள்ளூர் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஓரமாக நின்று குழந்தைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

திருவிழா அன்று பஸ்ஸில் போய் வந்த பல பேருக்கு அது எந்த ஊர், வழியில் என்ன ஊர் என்று தெரியாது. தூங்கி எழுந்தால் கோயில், மறுபடி தூங்கி எழுந்தால் ஜான் டலோன். திருவிழா இல்லாத ஒரு சாதாரண சனிக்கிழமையில் போங்கள். கூட்டமே இல்லாத முருகன் வேறு மாதிரி இருப்பார்.

மேற்கே, ஒரு சுடுகாட்டுப் பிரச்சினை

மேற்கே 344ஆம் எண் சாலை. செயின்ட் யுஸ்டாஷ் தாண்டி, ஏரிக் கரையோரமாக ஓகா வரை சுமார் 50 கி.மீ. ஓகா என்றதும் இங்கே எல்லோருக்கும் சீஸ் ஞாபகம் வரும். 1893இலிருந்து அங்கிருந்த துறவிகள் செய்து பிரபலமான சீஸ். துறவிகள் 2009இல் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பேர் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து ஒரு படகில் வண்டியோடு ஏறி எதிர்க்கரை ஹட்சனுக்குப் போய், வேறு வழியில் வீடு திரும்பலாம். பைக்கைப் படகில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் வருடத்துக்கு மூன்று முறை போகிறேன்.

ஆனால் ஓகாவுக்கு இன்னொரு பேர் இருக்கிறது. 1990இல் அந்த ஊர் நிர்வாகம் தன் கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்கத் திட்டம் போட்டது. பெரிதாக்க நினைத்த இடம், மோஹாக் பழங்குடி மக்கள் தங்களுடையது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பைன் தோப்பு. பக்கத்திலேயே அவர்களுடைய இடுகாடு. அவர்கள் சாலையை மறித்தார்கள். ஜூலை 11ஆம் தேதி போலீஸ் உள்ளே நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். அப்புறம் ராணுவம் வந்தது. செப்டம்பர் 26 வரை 78 நாள் நீடித்தது. மைதானம் பெரிதாகவில்லை. நிலம் யாருடையது என்கிற வழக்கு மட்டும் இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

344 அந்தப் பைன் தோப்பை ஒட்டியே போகிறது. நிழல் குளுகுளுவென்று இருக்கும். முதல் தடவை எனக்கு அது ஒரு நல்ல வளைவு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மாடி வீட்டு அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாகப் பேட்டையில் இருப்பவர். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, காணிக்கும் சுடலைக்கும் சண்டை எண்டால் எங்களுக்கு ஒருத்தரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை." அடுத்த முறை அந்தத் தோப்பில் வேகத்தைக் குறைத்தேன்.

தெற்கே, வட்டம் வெட்டுப்படும் இடம்

தெற்கே போனால் ஆப்பிள் தோட்டங்கள். ஹெமிங்ஃபோர்ட் பக்கம் 202ஆம் எண் சாலை அமெரிக்க எல்லைக்கு இணையாக ஓடுகிறது. செப்டம்பர் கடைசியில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது சொர்க்கம். ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் சிவந்த மேப்பிள்.

அங்கேயிருந்து சில நிமிடத்தில் ராக்ஸம் சாலை. நேராக எல்லையில் போய் முட்டி நிற்கிற சின்னத் தெரு. 2017இலிருந்து 2023 மார்ச் 25 வரை, அமெரிக்காவிலிருந்து நடந்து வந்து கனடாவில் அடைக்கலம் கேட்டவர்கள் நுழைந்த வழி. கியூபெக் எல்லையில் 2022இல் மட்டும் 39 ஆயிரம் பேருக்கு மேல் அப்படி வந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் இந்த ஒரே தெரு வழியாக. வந்தவர்களில் பலர் முதலில் அறை எடுத்த பேட்டைகளில் நம்முடையதும் ஒன்று. எங்கள் தெருவிலேயே அந்த வழியாக வந்த குடும்பம் இருக்கிறது. இப்போது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு தடுப்பு, ஒரு போர்டு, நிறையப் புல். நான் போனபோது ஒரு பறவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் என்னுடைய 150 கி.மீ. வட்டம் வெட்டுப்படுகிறது. வட்டத்தின் தென்பகுதி முழுக்க வெர்மான்ட்டும் நியூயார்க் மாநிலமும். பைக்காரர்கள் எல்லோரும் புகழ்கிற மலைச் சாலைகள் அங்கேதான். ஆனால் என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். விசா வேண்டும், விசாவுக்கு நேர்காணல் வேண்டும், நேர்காணலுக்குத் தேதி வேண்டும். என்னோடு சேர்ந்து ஓட்டுகிற ஒரு பையன் இங்கேயே பிறந்த தமிழன். எல்லை வரை சேர்ந்தே போவோம். அங்கே அவன் நேராகப் போவான், நான் யூ-டர்ன் அடிப்பேன். ஒரே வண்டி, ஒரே பாஷை, ஒரே கோயில். பாஸ்போர்ட் மட்டும் வேறு. "அண்ணா, சாரி" என்பான் ஒவ்வொரு முறையும். அவன் எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

ஆறு மாதம்தான்

மற்ற எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஷோரூமுக்குப் போய் நின்றால் பாவம் என்னைச் சேரும்.

முதலாவது, பருவம். ஏப்ரல் நடுவில் தொடங்கி அக்டோபர் கடைசியில் முடிந்துவிடும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்கிற ஊர் இது. ஏப்ரலில் சாலை ஓரமெல்லாம் குளிர்காலம் விட்டுப்போன மணலும் சரளையும், நடுவில் குழியும். அக்டோபரில் 10 டிகிரி என்று போன் காட்டும். 100 கி.மீ. வேகத்தில் போனால் உடம்புக்கு அது 4 டிகிரி மாதிரி இருக்கும். ஜூலை கடைசி இரண்டு வாரம் கட்டுமானத் தொழிலாளர் லீவு. பாதி கியூபெக் சாலையில் இருக்கும், அப்போது வீட்டில் இருப்பது உத்தமம்.

இரண்டாவது, செலவும் லைசென்ஸும். ஊரில் பத்து வருடம் ஓட்டினேன், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் பார்த்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லி இங்கே பிரயோஜனம் இல்லை. எழுத்துத் தேர்வு, அங்கீகாரம் பெற்ற பள்ளி, மூடிய மைதானத்தில் ஒரு தேர்வு, பழகுநர் உரிமத்தில் பல மாதம், கடைசியில் சாலைத் தேர்வு. ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். பதிவுக் கட்டணமும் காரைவிட அதிகம். ரேஸ் பைக் வகையாக இருந்தால் இன்னும் எங்கேயோ போகும். கார்களுக்கு நடுவில் புகுந்து போகிற நம்மூர்ப் பழக்கம் இங்கே சட்டப்படி குற்றம்.

மூன்றாவது, அலுப்பு. இதைப் பைக்காரர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே சுற்றினால் மூன்றாவது வருடம் எல்லா வளைவும் மனப்பாடம் ஆகிவிடும். இந்தச் சமவெளியில் வளைவும் குறைவுதான். வால்பாறை ஏறுகிறபோது வருகிற 40 வளைவை இங்கே பொறுக்கிச் சேர்க்க ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். நான் கண்டுபிடித்த மருந்து, அதே சாலைக்கு வேறு மாதத்தில் போவது. மே மாதத்து 117 வேறு, அக்டோபர் 117 வேறு. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைக் கையில் எடுத்து, யோசித்து, திரும்ப மாட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

நாலாவதுதான் பெரியது. உயிர். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 45 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்ணைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் மாலை போட்ட ஒரு வாலிபன் போட்டோ இருக்கிறது. அதனால் இங்கே ஒரு அம்மா "பைக் வேண்டாம்டா" என்றால் அது பத்தாம்பசலித்தனம் இல்லை. அனுபவம்.

கியூபெக்கில் 1978 முதல் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தப்பு யார் மேல் இருந்தாலும் காயத்துக்கு அரசுக் காப்பீடு பணம் தரும். கால் தராது. என் வீட்டில் நானும் மனைவியும் பேசி முடிவு செய்த சட்டங்கள் சில: இருட்டிய பிறகு மலைச் சாலையில் ஓட்டக் கூடாது, மான் குறுக்கே வரும். ஜாக்கெட், பூட்ஸ், கையுறை இல்லாமல் பெட்ரோல் போடக்கூடப் போகக் கூடாது. கிளம்பும்போது எந்த வழி என்று சொல்ல வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற வரை அவனைப் பின்னால் ஏற்றுவதில்லை. இந்தச் சட்டங்களோடு ஓட்டினாலும் ஆபத்து பூஜ்யம் ஆகாது. தெரிந்தே எடுக்கிற ஆபத்து இது. அதை மறைத்துவிட்டு 'சுதந்திரம்' என்றெல்லாம் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி

மாடி வீட்டு அண்ணையின் மகளுக்கு இருபத்திரண்டு வயது. நர்ஸிங் படிக்கிறாள். இங்கே பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, கியூபெக் உச்சரிப்பில் அப்படியே உள்ளூர்க்காரி மாதிரி பேசுவாள். அவளும் பைக் லைசென்ஸ் எடுத்தாள். வீட்டில் யுத்தம். அண்ணை என்னிடம் வந்து, "நீர்தான் பிள்ளைக்கு ஆசை காட்டினது" என்று சண்டைக்கு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து டீ குடித்துக்கொண்டே வேறு கதை வந்தது.

"தம்பி, எங்கட எம்.டி. 90 மண்ணெண்ணெயிலதான் ஓடினது. தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரேல்லை. ஒரு சின்னப் போத்திலில கொஞ்சம் பெற்றோல் வச்சிருப்பம். காபரேட்டருக்குள்ள நாலு சொட்டு விட்டு ஸ்டாட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய். பின்னால புகை எண்டால் புகை."

"எவ்வளவு தூரம் போவீங்க அண்ணை?"

"எங்க போறது? வடக்கால கடல். தெற்கால ஆனையிறவு, ஆமிக் காம்ப். அதுக்குள்ள சுத்தினதுதான். பருத்தித்துறை, கீரிமலை, திரும்ப வீடு."

நான் கணக்குப் போட்டுப் பெருமைப்பட்ட அந்த வட்டம் அவருக்கு வேறு ஒன்றாக இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் சுற்றுவது ஞாயிற்றுக்கிழமை விருப்பம். அவர் பக்கத்தில் சுற்றியது, அதற்கு மேல் பாதை இல்லாததால். கண்டி வீதி திறந்து வண்டிகள் நேராகக் கொழும்புக்குப் போக 2002 ஏப்ரல் வரை ஆயிற்று, 2006இல் மறுபடி மூடினார்கள். அண்ணை அதற்கெல்லாம் முன்பே இங்கே வந்துவிட்டார். வந்து முப்பது வருடத்தில் வால் மொரான் கோயில், டொராண்டோ, ஏர்போர்ட். வேறு எங்கும் போனதில்லை. "போகக் கூடாது எண்டில்லை. பழகிப்போச்சு" என்றார்.

போன ஆகஸ்டில் மகள் முதல் தடவையாக 117இல் வால் மொரான் வரை ஓட்டினாள். முன்னால் நான், நடுவில் அவள், பின்னால் அண்ணை தன் கொரோலாவில், வழி முழுக்க அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு. பிரெவோ பக்கம் ஒரு பொரித்த உருளைக்கிழங்குக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவர் மகளிடம் வண்டியைப் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் அப்பாவைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் நிறையப் பேசினாள். மண்ணெண்ணெய் கதை என்று கை சாடையில் புரிந்தது. பெரியவர் எழுந்து வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தானும் சின்ன வயதில் அப்பாவின் டிராக்டரை அப்படி ஓட்டியதாகச் சொன்னாராம். மகள்தான் மொழிபெயர்த்தாள். முப்பது வருடத்தில் ஒரு கியூபெக் கிராமத்துக்காரரோடு அண்ணை பேசிய முதல் பேச்சு அது என்று திரும்பி வந்த பிறகு அவள் சொன்னாள்.

பைக் மேல் அண்ணைக்கு இருந்த பயம் போகவில்லை. இப்போதும் அவள் சாவியை எடுத்தால் பால்கனியில் வந்து நிற்கிறார்.

வண்டியால் ஆகாத காரியம்

அந்த உருளைக்கிழங்குக் கடையை நான் மட்டும் பத்து முறை கடந்திருப்பேன். இரண்டு முறை சாப்பிட்டும் இருக்கிறேன். போன்ஜூர், மெர்சி, அதோடு கிளம்பிவிடுவேன். வண்டி என்னை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டது. உள்ளே போக பாஷை வேண்டும். இங்கே நிரந்தரமாகத் தங்கும் விண்ணப்பத்திலும் பிரெஞ்சுக்குத்தான் முதல் கேள்வி என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிரெஞ்சை யாரிடம் பேசுவது? பேட்டைக்குள் பேச ஆள் தேவைப்படுவதில்லை. பிரெவோவில், ஓகாவில், ஹெமிங்ஃபோர்ட்டில் தேவைப்படுகிறது. நான் இப்போது மாலை வகுப்பில் படிப்பதை ஞாயிற்றுக்கிழமை போய்ச் செலவழிக்கிறேன். பெட்ரோல் பங்க்கில் உங்கள் வண்டி எங்கே செய்தது என்று கேட்பார்கள். இங்கிலாந்து வண்டி என்று நினைத்துத்தான் கேட்பார்கள். 1955இலிருந்து மெட்ராஸில் செய்கிறோம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதும்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் பாஷை இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இல்லாதது இரண்டுமே. அவர்களை ஒரு சனிக்கிழமை பக்கத்தில் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் ஊர்க் கதை சொல்ல வேண்டுமென்றால் வீட்டு ஹாலில் வராது. வழியில்தான் வரும்.

பைக் இல்லாமலும் இது நடக்கும். பேட்டையில் இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் நான் சொன்ன செலவெல்லாம் கட்டுப்படியாகாது. பார்க் நிலையத்திலிருந்து செயின்ட் ஜெரோமுக்கு இன்றும் ரயில் போகிறது. அங்கே இறங்கினால் அந்தப் பழைய தண்டவாளச் சைக்கிள் பாதை அங்கேயே தொடங்குகிறது. ஒரு டிக்கெட், ஒரு சைக்கிள், ஒரு டப்பா புளியோதரை போதும்.

அடுத்த ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் விலை பார்க்கிற அதே ராத்திரியில் ஒரு வேலை செய்யுங்கள். மேப்பைத் திறந்து, உங்கள் வீட்டைச் சுற்றி ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஐந்து ஊர்களைத் தேடி எழுதுங்கள். ஐந்தும் கிடைக்கும், சந்தேகமே வேண்டாம். அக்டோபர் முடிவதற்குள் அதில் ஒன்றுக்காவது போய் வாருங்கள்.